இதுல ஆள் யாரு?

இனிகோ மச்சாதுவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கீழவைப்பாரில் சரக்குத் தோணி ஓட்டும் ஒரு தண்டலின் மகனாக 1902-ஆம் ஆண்டு பிறந்தவருக்கு இது சின்னக் குறை இல்லை. தோணி கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் குடலைப் புரட்டும். தகப்பனார் அவரை இரண்டு முறை கொழும்புக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார். இரண்டாம் முறை, திரும்பி வரும் பயணத்தை நினைத்துப் பயந்து, பையன் கொழும்பிலேயே இறங்கிக்கொண்டான்.

அங்கே ஒரு பறங்கிக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். முதலில் தட்டுக் கழுவ, பிறகு இருட்டறையில் நிற்க, பிறகு கேமராவைத் தொட என்று இனிகோ அவரிடம் தொழில் கற்றார். கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தாலும் அந்த முதலாளிக்கு ஆசையெல்லாம் கடற்கரைமேல்தான். கோட்டைச் சுவர், அலை உடையும் பாறை, மழைக்கு முந்திய வானம் என்று எடுத்துக்கொண்டே இருப்பார். எடுப்பதற்கு முன் ஒரு கண்ணை மூடிக் கட்டை விரலை நீட்டி, எதற்கும் எதற்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளப்பார். இனிகோவுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. 1931-ல் கப்பலின் அடித்தட்டில் கண்ணை இறுக மூடிப் படுத்தபடி ஊருக்கு வந்தபோது, அவர் கொண்டுவந்த சொத்து ஒரு மர கேமராவும் அந்தப் பைத்தியமும்தான்.

தூத்துக்குடியில் மாதா கோவிலுக்கு மேற்கே ஒரு குறுகிய தெருவில் ஸ்டுடியோ வைத்தார். அடுத்த ஆண்டு பிலோமினாவைக் கட்டினார். பிலோமினாவின் தகப்பனார் தேவபிரசாதம் வள்ளம் வைத்து மீன்பிடித்தவர். அண்ணன் ரோச்சும் அதே தொழில். கடலில் கால் வைத்தால் மயங்கிவிழும் மாப்பிள்ளையை அந்த வீடு முதலில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. பிறகு பழகிக்கொண்டது.

ஸ்டுடியோ நன்றாகவே நடந்தது. கல்யாணம், முதல் நன்மை வாங்கும் பிள்ளைகள், சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் என்று ஆள் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இனிகோ சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கடலுக்குள் நீளும் சரக்குப் பாலத்தின் இரும்புக் கால்கள், ஆறுமுகநேரி உப்பளத்தில் ஓலை போர்த்திய உப்பு அம்பாரங்கள், ஆலந்தலையில் மணலில் ஏற்றிக் கிடக்கும் கட்டுமரங்கள். எல்லாம் கரையில் நின்று எடுத்தவை. எதிலும் மனிதர் இருக்கமாட்டார்கள். யாராவது குறுக்கே வந்தால் அவர் போகும்வரை கறுப்புத் துணிக்குள் பொறுமையாகக் குனிந்து நிற்பார்.

இந்தப் படங்களில் ஒன்றை மாதம் ஒருமுறை ஸ்டுடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார். தெருவில் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்.

“இதுல ஆள் யாரு?”

“ஆள் இல்ல. பாலம்.”

“பாலம் தெரியுது. ஆள் எங்க?”

பக்கத்துப் பலசரக்குக் கடை செல்வதுரை நாடார் நல்ல மனிதர். ஆனால் அவரும் விடமாட்டார். “கடல் அங்கனதான கெடக்கு அண்ணாச்சி. தெரு முனைக்குப் போனா சும்மாவே பாக்கலாம். அதப் புடிச்சு சட்டம் போட்டு வச்சிருக்கேரே, ஓடியா போயிரும்?”

ஊரில் அவருக்கு ஆளில்லா மச்சாது என்று பெயரே வந்துவிட்டது. அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஆளில்லாத படம் ஒன்றை இந்த ஊரில் யாராவது ஒருவர் தானாகக் கேட்டு வாங்கி, தன் வீட்டுச் சுவரில் மாட்டவேண்டும். ஒரே ஒரு சுவர் போதும். பிலோமினாவிடம் அடிக்கடி இதைச் சொல்வார். “நம்ம வீட்டுச் சுவர்லதான் அடைசலா மாட்டி வச்சிருக்கீங்களே, பல்லி கூட ஒதுங்க எடமில்ல” என்பாள் அவள்.

“நம்ம வீடு கணக்குல சேராது ஏளா.”

இவ்வளவு பேரைப் படமெடுத்தவர் சொந்த மாமனாரைப் படமெடுக்கவில்லை. தேவபிரசாதம் சட்டை போடமாட்டார். கோவிலுக்குக் கூட தோளில் ஒரு துண்டுதான். ஸ்டுடியோவில் உட்காருவதானால் சட்டை போடவேண்டும் என்பது இனிகோவின் பிடிவாதம். “சட்டை போட்டு உக்காந்திருக்கவன் நான் இல்ல மாப்ள, வேற எவனோ. அவன் படம் எதுக்கு?” என்பது மாமனாரின் பிடிவாதம். இரண்டும் வளையாமலே இருந்து, 1942-ல் தேவபிரசாதம் காலமானார். ரோச் வீட்டு உள்ளறையில் திரு இருதயப் படத்துக்கும் அந்தோணியார் படத்துக்கும் நடுவே அவருக்கென்று விட்ட இடம் வெறுமையாகவே கிடந்தது.

உலகச் சண்டைக் காலத்தில் கடற்கரைப் பக்கம் கேமராவோடு போக முடியாது. துறைமுகத்தை எட்டிப் பார்த்தாலே போலீஸ்காரர் பெயர் கேட்பார். சண்டை முடிந்து கெடுபிடி தளர்ந்ததும், அத்தனை வருஷம் உள்ளே அடைந்து கிடந்த ஆசை இனிகோவுக்கு ஒரேயடியாகப் பொங்கியது. கரையில் நின்று எடுத்தது போதும், கடலில் நின்று கரையை எடுக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. 1946 மார்ச் மாதம், காற்று ஓய்ந்து கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்த ஒரு விடியலில், மச்சானின் வள்ளத்தில் ஏறினார்.

“வயித்துல ஏதும் போட்டுட்டு வந்தீரா மாப்ள?” என்றார் ரோச்.

“நேத்து மத்தியானத்துல இருந்து பச்சத் தண்ணி கூடக் குடிக்கல மச்சான்.”

“பெறவு எத வெளிய எடுப்பீரு? கொடலையா?”

கிட்டத்தட்ட அதைத்தான் எடுத்தார். கரை மெல்லிய கோடாகும்வரை வள்ளத்தின் ஓரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தார். ரோச் ஓரிடத்தில் முன்னும் பின்னும் கரையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குள் முனகி, நங்கூரக் கல்லை இறக்கினார்.

“இங்கனதான் வள்ளம் ஆடாது. நீரு ஒம்ம தொழிலப் பாரும். நான் என் தொழிலப் பாக்கேன்.”

“கொஞ்சம் தெக்க தள்ளிப் போட்டா நல்லாருக்கும் மச்சான்.”

“ஒரு முழம் நவுர மாட்டேன். களவா மீனு கடிக்கிற எடம் இது.”

இனிகோ கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். மர கேமராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழான கரையைப் பார்த்த மாத்திரத்தில் அவர் வயிறு அடங்கிவிட்டது. ஏன் என்று அவருக்கே தெரியாது. படத்தின் பாதிக்குமேல் தண்ணீர், ஈயத்தகடு போல. அதற்கப்பால் ஒற்றைக் கோடாகப் பாலம். பின்னாலிருந்து வந்த காலை வெயில் மாதா கோவில் முகப்பில் வெள்ளையாக விழுந்திருந்தது. அதன் பக்கத்தில் பஞ்சாலைப் புகைபோக்கி. கோவிலுக்கும் புகைபோக்கிக்கும் நடுவே ஒரு கீற்று வானம், சுத்தமாக. வடக்கு ஓரத்தில் ஒரு ஒற்றைப் பனை, உப்புக் கிட்டங்கிக் கூரையின் நுனியைத் தொட்டும் தொடாமலும். எதையும் நகர்த்த வேண்டியதில்லை. ஆண்டவரே அடுக்கி வைத்துவிட்டார் என்று இனிகோ நினைத்தார். மூச்சைப் பிடித்து ஒரு பிளேட் எடுத்தார். எடுத்து முடித்ததும் குமட்டல் மறுபடி வந்தது. பின்னால் ரோச் களவா மீன்களாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பிளேட்டைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு, தேக்குச் சட்டத்தில் அடைத்து, ஏப்ரல் பதினேழாம் தேதி, பெரிய வாரத்துப் புதன்கிழமை, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். மறுநாள் பெரிய வியாழன், அடுத்து பெரிய வெள்ளி. அந்த நாட்களில் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. ஆண்கள் எல்லாரும் கோவிலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பார்கள். ஸ்டுடியோ இருந்தது அந்த வழியில்தான்.

வியாழக்கிழமை காலை முதலில் நின்றவன் கிளாட்வின். இள வயதுக்காரன், சொந்த வள்ளம் வைத்திருப்பவன், வாய் ஓயாதவன். அன்று வாயைத் திறக்கவில்லை. ஆள் யாரு என்று கேட்கவில்லை. ஒரு கண்ணை மூடினான். கட்டை விரலை நீட்டிக் கண்ணாடிமேல் படுகிற மாதிரி வைத்து, கோவிலுக்கும் புகைபோக்கிக்கும் நடுவே அளந்தான். பிறகு பனைப் பக்கம் பார்த்தான். “நல்ல படம் அண்ணே” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனான்.

சற்று நேரத்தில் இன்னும் இருவர் வந்தார்கள். அவர்களும் ஒரு கண்ணை மூடினார்கள். மத்தியானத்துக்குள் வாசலில் சின்னக் கூட்டமே நின்றது. செல்வதுரை நாடார் கடையைவிட்டு இறங்கி வந்து எட்டிப்பார்த்தார். “என்ன அண்ணாச்சி, கடலுக்கு இம்புட்டு ஆளா? நாளைக்கு நானும் மொளகா மூட்டையப் படம் புடிச்சு மாட்டுதேன்” என்றார். இனிகோவுக்கு அதைக் கேட்கக்கூட ஆனந்தமாக இருந்தது.

பகல் சாப்பாட்டுக்கு உள்ளே போனபோது அவர் கால் தரையில் பாவவில்லை. பிலோமினா கஞ்சிக்குத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“பிலோமி, இந்த ஊருக்குக் கண்ணு தொறந்துட்டு. கிளாட்வின் இருக்கானே, அந்தக் கிளாட்வின், ஒத்தக் கண்ண மூடிக் கட்ட வெரல நீட்டி அளந்து பாக்கான். எங்க கொழும்பு மொதலாளி பாப்பாருல்லா, அதே மாதிரி.”

அம்மிக்குழவி நின்றது.

“கட்ட வெரலயா? எதுக்கும் எதுக்கும் நடுவுல?”

“கோவிலுக்கும் புகைபோக்கிக்கும்.”

“உங்க கொழும்பு மொதலாளிக்கு வள்ளம் உண்டா?”

“வள்ளமா? அவருக்கு எதுக்கு வள்ளம்?”

“கிளாட்வினுக்கு உண்டு” என்று சொல்லிவிட்டுப் பிலோமினா கையைக் கழுவினாள். வாசலுக்கு வந்து, கூட்டம் கலைந்தபிறகு, அந்தப் படத்தைத் தானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. “அண்ணன் எங்க கல்லு போடுதுன்னு ஊருக்கே எழுதிப் போட்டுட்டீங்க” என்றாள்.

கடலில் தெருவும் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. கரையில் நிற்கும் பொருட்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்து, எதற்கும் எதற்கும் எவ்வளவு விலகல் என்பதை வைத்துத்தான் ஒருவன் தன் இடத்தைப் பிடிப்பான். அதற்குக் கணியம் என்று பெயர். தண்ணீருக்கடியில் மீன் அடையும் பாறைக்குப் பார் என்று பெயர். பாரைக் கண்டுபிடித்தவன் அதன் கணியத்தை மகனுக்குச் சொல்வான், வேறு யாருக்கும் சொல்லமாட்டான். கோவிலும் புகைபோக்கியும் ஒரு ஜோடி, பனையும் கிட்டங்கியும் இன்னொரு ஜோடி. தேவபிரசாதம் ரோச்சுக்குச் சொன்ன கணியம் முழுவதும் தேக்குச் சட்டத்துக்குள் இருந்தது.

வெள்ளிக்கிழமை துக்க நாள். அன்று யாரும் இதைப் பேசவில்லை. ஆனால் இனிகோ ஸ்டுடியோவை அடைத்து வைத்துக்கொண்டு, வெட்டிய அட்டைத் துண்டுகளால் படத்தை மறைத்து மறைத்துப் பார்த்தார். புகைபோக்கியை மறைத்தால் கோவில் தபால் அட்டைப் படம்போல் நின்றது. பனையை மறைத்தால் வடக்குப் பக்கம் விழுந்துவிட்டது. பிளேட்டைப் புரட்டிப் போட்டு இடவலம் மாற்றிப் பிரிண்ட் எடுத்தால் என்ன என்று பிலோமினாவைக் கேட்டார். “செல்வதுரை அண்ணாச்சி கடையில மொகம் பாக்குற கண்ணாடி தொங்குது. கிளாட்வின் ஒண்ண எடுத்து எதுத்தாப்ல புடிச்சான்னா தீந்தது” என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை ரோச் வந்தார். தங்கை வழியாக விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. சத்தம் போடவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்று நெடுநேரம் பார்த்தார். கண்ணை மூடவில்லை, விரலை நீட்டவில்லை. அவருக்கு அது தேவையில்லை.

“என் தப்புந்தான் மாப்ள” என்றார். “களவா ஆசையில அங்கன கொண்டுபோய்க் கல்லப் போட்டேன். கண்ணாடிக்குள்ள கணியமும் விழும்னு நெனச்சேனா?”

“நான் அத அழகுன்னு நெனச்சேன் மச்சான். அந்த நடுவுல இருக்க எடம் இருக்குல்லா, கோவிலுக்கும் புகைபோக்கிக்கும் நடுவுல.”

“அழகுதான், யாரு இல்லன்னா? அந்த எடத்தத்தான் அப்பா எனக்குக் காட்டித் தந்தாரு. ஒமக்கு அது அழகு. என் வீட்டுக்கு அது அடுப்பு.”

பதினைந்து வருஷத்தில் ஊர் நின்று பார்த்த ஒரே படம் அது. அவர்கள் பார்த்தது வேறு எதையோ என்று இப்போது தெரிந்தாலும், அந்தக் கூட்டத்தின் முதுகுகள் இனிகோவின் கண்ணில் நின்றன. பெட்டிச் சாவி இடுப்பில் இருந்தது. அதை எடுத்துத் திறந்து, படத்தை வெளியே எடுத்து, கண்ணாடியைத் துண்டால் ஒருமுறை துடைத்து, உள்ளே கொண்டுபோய்ச் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தார். காலியான இடத்தில் தை மாதத்துக் கல்யாண ஜோடி ஒன்றை வைத்தார். ஈஸ்டர் பூசைக்குப் போனவர்கள் நின்று, “பொண்ணு யாரு? ஊரு வேம்பாரா?” என்று விசாரித்தார்கள்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை கிளாட்வின் வள்ளத்தை எடுத்தான். அவன் வடகிழக்கே போவதைக் கரையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். ரோச்சும் பார்த்தார். சாயங்காலம் அவன் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தான். வேட்டி இன்னும் ஈரமாகவே இருந்தது.

“ஒம்ம படம் பொய் சொல்லுது அண்ணே.”

“என்னலே பொய்?”

“கோவிலுக்கும் புகைபோக்கிக்கும் நடுவுல சரியா ஒரு வெரக்கட. கைய நீட்டி அதே ஒரு வெரக்கட வார எடத்துல போய் நின்னேன். வெறும் மண்ணு! ஒரு சாளை மீனு கூட இல்ல.”

இனிகோவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “ஏலே, நான் எடுத்த பிளேட்டு உள்ளங்கை அகலம். சட்டத்துக்காகப் பெருசாக்கினேன். நடுவுல இருக்க எடமும் சேந்து பெருசாகும்லா?”

கிளாட்வின் அவரை முறைத்தான். “கோவிலப் பெருசாக்கும், வேண்டாங்கல. கடல எதுக்கு வே பெருசாக்குனீரு?” என்று கேட்டுவிட்டு, “அந்தப் படத்த இன்னொரு தடவ பாக்கலாமா?” என்றான்.

“உள்ள கெடக்கு. எடுக்க முடியாது.”

“அதானே” என்று சொல்லி அவனும் சிரித்துவிட்டான். அடுத்த மாதம் தன் கல்யாணத்துக்கு இனிகோவையே படமெடுக்கக் கூப்பிட்டான்.

அந்த வாரமே ரோச் மறுபடி வந்தார். இந்தத் தடவை சாக்கு ஒன்றும் கயிறும் கொண்டுவந்திருந்தார்.

“அந்தப் படத்த எனக்குத் தாரும் மாப்ள.”

“ஒடைக்கவா?”

“ஒடைக்கவா! ஒமக்கு கோட்டி புடிச்சிருக்கா? மாட்டத்தான்.” ரோச் திண்டாடித் திண்டாடிச் சொன்னார். “உள்ளறையில ஒரு சுவரு சும்மா கெடக்குல்லா. சனிக்கெழம அதப் பாத்துட்டுப் போனதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. கணியத்த யாரும் பாத்துருவான்னு இல்ல. அது வேற.”

வேறு என்ன என்று இனிகோ கேட்கவில்லை. சட்டத்தை எடுத்து இன்னொரு முறை துடைத்து, தானே சாக்கில் சுற்றிக் கட்டினார். மச்சான் அதைத் தோளில் வைத்துத் தெருவில் நடப்பதை வாசலில் நின்று பார்த்தார். திருப்பத்தில் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றார்.

ரோச் வீட்டில் அதன்பிறகு ஒரு சட்டம் வந்தது. கடலுக்குப் போகிறவன் எவனுக்கும் உள்ளறையில் அனுமதி இல்லை. சொந்த அண்ணன் தம்பியானாலும் முன்கட்டோடு சரி. பெண்கள் வரலாம், செல்வதுரை நாடார் வரலாம், படமெடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அவர் வாரத்தில் ஒரு நாளாவது ஏதாவது காரணம் சொல்லி வந்துவிடுவார்.

ஈஸ்டருக்குப் பிறகு சாமியார் வீடு வீடாக வந்து மந்திரிப்பது வழக்கம். அந்த ஆண்டு வந்தவர் மதுரைப் பக்கத்துக்காரர், ஊருக்குப் புதியவர். ரோச் வீட்டுக்கு அவர் வந்தபோது இனிகோவும் பிலோமினாவும் அங்கே இருந்தார்கள். முன்கட்டு, அடுக்களை எல்லாம் தீர்த்தம் தெளித்துவிட்டு உள்ளறைக்குள் வந்தவர், திரு இருதயத்துக்கும் அந்தோணியாருக்கும் நடுவே மாட்டியிருந்த பெரிய படத்தின் முன் நின்றுவிட்டார். அதில் ஒரு பூச்சரம் தொங்கியது.

“இதில் ஆள் யார்?” என்றார் சாமியார்.

இனிகோ வாயைத் திறப்பதற்குள் ரோச் முந்திக்கொண்டார்.

“எங்கப்பா, சாமி.”

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கிட்டே போய்ப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், பனைக்கு அடியில்கூடப் பார்த்தார்.

“எங்கே இருக்கிறார்?”

“படம் புடிச்ச எடத்துல நிக்காரு சாமி. சட்ட போடாம.”

பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று இனிகோவுக்குத் தெரியவில்லை. சாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இறந்தவர் என்பது மட்டும் புரிந்ததால், மற்ற படங்களுக்குத் தெளித்ததைவிடத் தாராளமாக இதற்குத் தீர்த்தம் தெளித்து, ஒரு ஜெபமும் சொன்னார். அவர் ஆமென் சொல்லி முடிக்கும்வரைதான் இனிகோவால் பொறுக்க முடிந்தது. சட்டத்தின் இடுக்கு வழியாக ஈரம் உள்ளே இறங்கிவிடுமே என்று, ஓடிப்போய்த் தன் வேட்டி நுனியால் கண்ணாடியை மேலிருந்து கீழாகத் துடைத்தார்.